முகத்தைக் கடைசியில் பாருங்கள்: 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கதை ஓவியங்களில் குடும்பப் பூசலை வாசிக்கும் முறை

கொங்கு நாட்டில் ஒரு நிச்சயப் பேச்சுக்கோ பாகப்பிரிவினைப் பேச்சுக்கோ போய், தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) அரைநாள் உட்கார்ந்து வந்தவர்களுக்கு, இங்கே சொல்லப்போகும் வித்தையில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தவர் யார், பாயில் உட்கார்ந்தவர் யார், பத்திரம் யார் கையில் இருந்தது, யார் பேச வாயெடுத்ததும் யார் வெற்றிலைக் காம்பைக் கிள்ளத் தொடங்கினார், கதவோரம் நின்ற பெண் எந்தச் சொல் காதில் விழுந்ததும் உள்ளே போனாள் என்பதையெல்லாம் பேருந்தில் திரும்பி வரும்போதே ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவார்கள். அதே ஆட்கள் ஓர் ஆங்கிலேய ஓவியத்தின் முன் நின்றால் மட்டும் 'தத்ரூபமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கோபிசெட்டிபாளையத்தில் என் வீட்டு வாசலில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி ஓவியம் பார்ப்பது வழக்கம். அங்கே தவறு செய்து திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் படத்தை எடுப்பது

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குடும்பத்தைக் காட்டும் படங்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். முதல் வகை, அந்தந்தக் குடும்பமே பணம் கொடுத்து வரையச் சொன்னது; ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கு வரவழைத்து எடுத்து முன்னறையில் மாட்டி வைக்கும் நம் குடும்பப் புகைப்படத்துக்கு அது மூத்த உறவு. அதில் பூசலைத் தேடுவது வீண், ஏனெனில் பணம் கொடுத்தவர்கள் தங்கள் பூசலை வரையச் சொல்ல மாட்டார்கள். வில்லியம் ஹோகார்த் 1742-இல் வரைந்த கிரஹாம் வீட்டுக் குழந்தைகள் படத்தில் நாற்காலி முதுகில் ஏறிய பூனை கூண்டுப் பறவையை வெறித்துப் பார்க்கிறது. அந்தக் குழந்தைகளில் ஒன்றான கைக்குழந்தை, படம் வரையப்பட்ட காலத்திலேயே இறந்துபோனது. அந்தப் படத்தில் துயரத்துக்கு இடமிருக்கிறது, சண்டைக்கு இடமில்லை.

இரண்டாம் வகை, ஓவியர் தாமே கதையைக் கட்டி, பல படங்களாகப் பிரித்து, எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, பிறகு செப்புத் தகட்டில் வெட்டி அச்சடித்து ஊரெல்லாம் விற்றது. இந்த வியாபாரத்தை நிலைநிறுத்தியவர் ஹோகார்த்தான் (1697–1764). அவருடைய அச்சுப்படங்களைப் பிறர் திருடி மலிவாக அச்சடித்ததால், அவரும் மற்றச் செதுக்கோவியர்களும் நாடாளுமன்றத்துக்கு முறையிட்டு, அச்சுப்படங்களுக்கு 14 ஆண்டுக் காப்புரிமை தரும் சட்டத்தை 1735-இல் வாங்கினார்கள். அதற்குப்பின் அவர் வரைந்த ஆறு படத் தொகுதிதான் 'மேரேஜ் ஆ-லா-மோட்'. 'நாகரிகக் கல்யாணம்' என்று சொல்லிக்கொள்ளலாம். 1743 வாக்கில் வரையப்பட்டு, 1745-இல் பிரெஞ்சுச் செதுக்கோவியர்களின் கையால் அச்சாகி, தொகுதி ஒரு கினிக்கு (கினி என்பது அக்கால ஆங்கிலேயத் தங்க நாணயம்) விற்றது. இதில் வரும் பாத்திரங்கள் எவரையும் தனிப்படக் குறிப்பவை அல்ல என்று முன்கூட்டியே செய்தித்தாளில் விளம்பரமும் கொடுத்தார். 'யாவும் கற்பனையே' என்று நம் சினிமாவில் போடுவது போலத்தான். மூலப் படங்கள் ஆறும் 1751 ஏலத்தில் 120 கினிக்குத்தான் போயின. ஓவியத்தைப் பொருத்திய மரச்சட்டம் ஒன்றுக்கே நாலு கினி செலவழித்திருந்தார் என்பதால், கழித்துப் பார்த்தால் ஓவியம் ஒன்றுக்குப் பதினாறு கினி தேறும். இன்று அவை லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதுதான். படத்தில் இருப்பவர்களே கொடுத்திருந்தால் அந்தப் படம் அவர்களை மறைக்கும். முகமறியாத ஆயிரம் பேர் கொடுத்திருந்தால், அவர்களுக்கு விளங்கும்படி எல்லாவற்றையும் பொருள்களாகப் பரப்பி வைத்திருக்கும். கற்றுக்கொள்பவர்கள் இரண்டாவதில் தொடங்குவது நல்லது.

படத்தை எப்படி வைப்பது

கைப்பேசித் திரையில் பார்ப்பதைத் தயவுசெய்து கைவிடுங்கள். நேஷனல் கேலரியின் இணையதளத்தில் இந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஏ3 தாளில் வண்ணப் பிரதி ஒன்று எடுத்துக்கொண்டால் போதும். எந்த ஜெராக்ஸ் கடையிலும் எடுத்துத் தருவார்கள். மூலத்தின் அளவு மனதில் பதிய வேண்டுமானால் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் அகலம் இரண்டு முழம், உயரம் ஒன்றரை முழம் என்று ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவுதான். நம்மில் பலர் 'ஓவியம்' என்றதும் அரண்மனைச் சுவரை நினைத்துக்கொள்கிறோம். இது ஒருவர் கை நீட்டிப் பிடிக்கக்கூடிய அளவில், நின்று படிப்பதற்கென்று வரைந்தது.

இதில் ஒரு குழி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். செப்புத் தகட்டில் வெட்டி அச்சடிக்கும்போது இடமும் வலமும் மாறிவிடும். ஹோகார்த்தின் இந்தத் தொகுதியில் வண்ண ஓவியமும் அச்சுப்படமும் கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக இருக்கும்: ஓவியத்தில் முதல் படத்தின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிரபு, அச்சில் இடது ஓரத்தில் இருப்பார். முதல் முறை கூடியபோது நான் கையில் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு, 'பணம் வைத்திருப்பவன் இடப்பக்கம், கண் முதலில் விழும் இடம் அதுதான்' என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் கழித்து, கையில் வண்ணப் பிரதியை வைத்திருந்த பையன் ஒருவன், 'சார், எங்கிட்ட இருக்கறதுல அவரு வலப்பக்கமுங்க' என்றான். அன்றைக்குச் சொன்ன பாதிப் பேச்சு வீணாய்ப்போனது. எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பதைத் தாளின் மூலையில் எழுதிவிட்டே தொடங்குங்கள்.

ஏழு புளியங்கொட்டை

இனி முறையின் நடுப்பகுதி. முதல் படமான 'திருமண உடன்படிக்கை'யை மேசைமேல் விரித்து, அதில் இருக்கும் ஏழு பேரின் முகத்தின்மேலும் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். ஏ3 பிரதியில் முகத்தின் அளவுக்கு அது ஏறக்குறையச் சரியாக உட்காரும். முகத்தை ஏன் மறைக்கச் சொல்கிறேன் என்றால், நம் கண் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பு எழுதிவிட்டு மற்ற எதையும் பார்க்க மறுத்துவிடுகிறது. இந்த ஓவியர்கள் பூசலை முகத்தில் வைத்ததைவிடக் கைகளிலும் காகிதங்களிலும்தான் அதிகம் வைத்தார்கள்.

இப்போது கைகளை மட்டும் சுற்றி வாருங்கள். வலது ஓரத்தில், கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருக்கும் பிரபுவின் கை, தம் குலமரம் வரைந்த சுருளைச் சுட்டுகிறது. அந்த மரம், இங்கிலாந்தை வென்று அரசனான நார்மண்டி வில்லியமில் வேர்விட்டதாக வரையப்பட்டிருக்கிறது, அதில் ஒரு கிளை முறிந்து கிடக்கிறது. அவருக்கு எதிரே ஒல்லியான கணக்கர் ஒருவரின் கை, மீட்கப்பட்ட அடமானப் பத்திரத்தை நீட்டுகிறது. மேசைமேல் நாணயங்கள் குவிந்திருக்கின்றன. சிவப்பு மேலங்கி அணிந்த லண்டன் வணிகர், பெண்ணின் தகப்பனார், உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். ஜன்னலோரம் நிற்பவர் கையில் கட்டட வரைபடம் இருக்கிறது. வெளியே அந்தக் கட்டடம் பாதியில் நிற்பது தெரிகிறது. இடது பக்கம் வந்தால், வழக்கறிஞர் பேனாவைச் சீவிக்கொண்டே மணமகள் பக்கம் குனிகிறார். மணமகள் தன் மோதிரத்துக்குள் கைக்குட்டையை நுழைத்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். மணமகன் விரலிடுக்கில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி.

கைகளைச் சுற்றி முடித்ததும் ஒரு கணக்குப் போடுங்கள். ஏழு பேரில் நால்வரின் கைகளில் காகிதம்; ஐந்தாமவர் கையில் காகிதத்தில் எழுதும் பேனா. கல்யாணம் செய்துகொள்ளப்போகும் இருவர் கையில் மட்டும் காகிதத்துக்குத் தொடர்பில்லாத பொருள்கள், அவையும் ஒன்றையொன்று நோக்கி நீளவில்லை. பிரபுவுக்குக் கடன் இருக்கிறது, குலம் இருக்கிறது. வணிகருக்குப் பணம் இருக்கிறது, குலம் இல்லை. இந்த இரண்டையும் முடிச்சுப்போட இரண்டு பிள்ளைகள் கயிறாகப் பயன்படுகிறார்கள் என்பது முகம் ஒன்றைக்கூடப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. அவர்கள் காலடியில் ஒரே சங்கிலியில் பிணைத்த இரண்டு நாய்கள் வெவ்வேறு பக்கம் பார்த்துக் கிடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய், பூனை, குரங்கு எதைக் கண்டாலும், மனிதர்கள் சபையில் சொல்லத் தயங்குவதை அது சொல்கிறதா என்று பார்ப்பது ஹோகார்த்திடம் பெரும்பாலும் பலிக்கும்.

யார் வரவில்லை

இந்த உத்தியை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கூட்டத்துக்கு வரும் எழுபது வயது ஆத்தா ஒருவர், கொட்டைகளை வைத்து முடித்ததும் படத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'ஏனுங் வாத்தியாரே, பொண்ணத் தவுத்து இந்தச் சபையில ஒரு பொம்பளையக் காணமே? ரெண்டு ஊட்டு அம்மாளும் எங்கீங்க?'

நான் இருபது தடவையாவது பார்த்த படம் அது. எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தாய்மாமன் இல்லாமல், இணைச்சீருக்கு நிற்க ஓர் அக்கா தங்கை இல்லாமல், சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் வராமல் ஒரு கல்யாணப் பேச்சு நடந்தால் அது கல்யாணப் பேச்சே இல்லை என்று பழகிய கண்ணுக்கு அந்த அறையின் வெறுமை உடனே உறைத்துவிட்டது. பிறகு ஆறு படங்களையும் வரிசையாகப் பார்த்தோம். வேலைக்காரி வருகிறாள், செவிலி வருகிறாள், விருந்துக்கு வந்த சீமாட்டி வருகிறாள், ஆனால் இரண்டு வீட்டுத் தாய்மார்களும் எந்தப் படத்திலும் தலைகாட்டுவதில்லை. கைகளுக்கு அடுத்த படியாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: இத்தகைய நிகழ்ச்சிக்கு வரவேண்டியவர்களின் பட்டியலை எழுதி, வராதவர்களைச் சுழியுங்கள்.

ஆனால் பட்டியல் எழுதும்போது நம் முறையை அவர்கள்மேல் ஏற்றிவிடக் கூடாது. இங்கிலாந்தில் பணக்காரர் வீட்டு உடன்படிக்கையில் தகப்பன்மாரும் வழக்கறிஞர்களும் மட்டும் உட்கார்ந்து பேசுவது ஊரறிந்த வழக்கம், எனவே தாய் இல்லாததே குற்றமென்று முடிவுகட்ட முடியாது. ஓவியர் அந்த வழக்கத்தைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டு, பிள்ளைகளுக்காகப் பேச அறையில் ஒரு நாக்குகூட இல்லாதபடி செய்திருக்கிறார் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நியாயம்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள்

இதைத் தாண்டிப் போக அந்தக் காலத்துச் சட்டம் கொஞ்சம் தேவை. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, கல்யாணமானதும் பெண்ணின் கைப்பணமும் நகையும் மற்ற அசையும் சொத்தும் கணவனுடையவை ஆகிவிடும். பணக்காரத் தகப்பன்மார் இதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே உடன்படிக்கை எழுதி, மகளுக்கு ஆண்டுதோறும் கைச்செலவுக்கு இவ்வளவு, கணவன் இறந்தால் ஜீவனத்துக்கு இவ்வளவு என்று கட்டிவைப்பார்கள். முதல் படத்தில் வணிகர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படிப்பது இந்தக் காகிதத்தைத்தான். நம் பத்திர அலுவலகத்து வாசலில் 'நாலெல்லை சரியா இருக்குதுங்களா' என்று மூன்றாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்கும் பெரியவரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குனிந்த முதுகு புரியும்.

விவாகரத்து என்பது ஏறத்தாழ இல்லை. மறுமணம் செய்யும் உரிமையோடு பிரிய வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். அதற்குப் பெருந்தொகை வேண்டும். மாதாகோவில் நீதிமன்றம் தனித்து வாழ அனுமதிக்கும், மறுமணத்துக்கு அனுமதிக்காது. ஆகவே இந்த ஓவியங்களில் ஒரு பூசல் மூண்டால் வெளியேறும் வழி மிகக் குறுகலானது. படத்துக்குப் படம் அறைகள் மூச்சுமுட்டும்படி பொருள்களால் நிறைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆண்டைக் கவனியுங்கள். 21 வயதுக்குட்பட்டவர்கள் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று கறாராக விதித்த சட்டம் 1753-இல் வந்து 1754-இல் நடைமுறைக்கு வந்தது. 1743 படத்துக்கு அதைச் சான்றாகக் காட்டினால் வயதில் இளைய பேரனைக் கொண்டு தாத்தாவுக்குச் சாட்சி சொல்ல வைப்பதாகும். ஹோகார்த்தே 1729-இல், தம் குருவாக இருந்த ஓவியர் சர் ஜேம்ஸ் தார்ன்ஹில்லின் மகள் ஜேனை, தகப்பனார் சம்மதமில்லாமல் அழைத்துப்போய் மணந்தவர்; பின்னால்தான் மாமனார் சமாதானமானார். தகப்பன்மார் கூடி முடித்த கல்யாணத்தை அவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தார் என்பதை ஊகிக்க இந்த ஒரு செய்தி போதும்.

ஒரு பொருளைப் பின்தொடர்வது

தொகுதியாக வந்த படங்களில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்க முயல்வது வேண்டாத வேலை. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது எந்தெந்தப் படத்தில் எந்த நிலையில் வருகிறது என்று தொடர்ந்து போங்கள். உடுக்கைப் பாட்டுக்காரர் அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடும்போது ஒரு சொல்லை எங்கோ விட்டு எங்கோ எடுப்பது போல, ஓவியரும் ஒரு பொருளை முதல் படத்தில் வைத்துக் கடைசிப் படத்தில் எடுப்பார்.

மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் அது மணமகளுக்கு விளையாட்டுப் பொருள். இரண்டாம் படத்தில் கல்யாணம் முடிந்து அவர்கள் வீடு. கடிகாரம் ஒன்றே கால் தாண்டிவிட்டது என்று காட்டுகிறது, ஆனாலும் பின்னறையில் மெழுகுவத்தி இன்னும் எரிகிறது. விடிய விடியச் சீட்டாட்டம் நடந்திருக்கிறது. கணவன் வெளியே இரவைக் கழித்துவிட்டு வந்து நாற்காலியில் துவண்டு கிடக்கிறான்; அவன் பையில் இருக்கும் வேறொருத்தியின் தலைக்குல்லாயை நாய் முகர்கிறது; முறிந்த வாள் தரையில் கிடக்கிறது. கணக்குப்பிள்ளை கையில் கட்டுக்கட்டாகப் பாக்கிச் சீட்டு, கம்பியில் குத்தியது ஒரே ஒரு ரசீது. இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் குரலை உயர்த்தவில்லை. என் கணிப்பில் ஆறு படங்களில் மிகச் சிறந்த குடும்பப் பூசல் இதுதான், ஏனெனில் சண்டை போடும் அளவுக்குக்கூட ஒருவர்மேல் ஒருவருக்கு அக்கறை இல்லை என்பதை வரைவது, சண்டையை வரைவதைவிடக் கடினம்.

மூன்றாம் படம் போலி மருத்துவரின் அறை. கணவன் ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு மாத்திரைப் பெட்டியோடு வந்திருக்கிறான். அதன் கதையை இன்றுவரை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், கற்கத் தொடங்குபவர்கள் தாண்டிப் போகலாம். நான்காவது, மனைவியின் அலங்கார அறை. மாமனார் இறந்து அவள் சீமாட்டியாகிவிட்டாள் என்பதைக் கட்டிலின் மேலுள்ள சிறு மகுடம் சொல்கிறது, தாயாகிவிட்டாள் என்பதை நாற்காலி முதுகில் தொங்கும் பவளக் கிலுகிலுப்பை சொல்கிறது. குழந்தை மட்டும் அறையில் இல்லை. வழக்கறிஞர் சோபாவில் சாய்ந்து முகமூடி நடன விருந்துக்குச் சீட்டு நீட்டுகிறார்.

இந்தப் படத்தின் கீழ்ப்பக்கத்தில் தலைப்பாகை அணிந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் ஒரு பொம்மையின் கொம்பைச் சுட்டிச் சிரிக்கிறான். நமக்குக் கொம்பு என்றால் பட்டிப்பொங்கலன்று வண்ணம் பூசிய காங்கேயம் காளையின் கொம்பு நினைவுக்கு வரும், மங்கலமாகத் தோன்றும். ஐரோப்பாவிலோ கொம்பு முளைத்தவன் என்றால் மனைவி வேறொருவனை நாடிய கணவன். ஊர்க்கண் கைகொடுக்காத இடம் இதுதான். இத்தகைய குறியீடுகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஊகித்தால் நேர்மாறாகப் போகும். அந்தச் சிறுவனையும் அலங்காரமாகக் கடந்துவிடாதீர்கள். லண்டன் பணக்கார வீடுகளுக்கு அப்படிப்பட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்தது அடிமை வியாபாரத்தின் வழியாகத்தான்; இந்த வீட்டின் கணக்கில் அதுவும் ஒரு பாக்கி.

ஐந்தில் கணவன் வழக்கறிஞரின் வாளால் குத்துப்பட்டுச் சாகிறான், வழக்கறிஞர் ஜன்னல் வழியே ஓடுகிறார், மனைவி மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். நாடகம் மிகுந்த படம், அதனாலேயே வாசிக்க எளிது.

ஆறாவதில் மோதிரத்துக்கு வருகிறோம். அவள் தகப்பன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பழைய லண்டன் பாலம். வழக்கறிஞர் தூக்கிலிடப்பட்ட செய்தித் தாளும் காலியான அபின் மருந்துக் குப்பியும் தரையில் கிடக்கின்றன. செவிலி குழந்தையைத் தூக்கித் தாயின் முகத்தில் முத்தமிட வைக்கிறாள். குழந்தையின் காலில் இரும்புத் தாங்கி. கன்னத்தில், முதல் படத்தில் மணமகன் கழுத்தில் இருக்கும் அதே கரும்புள்ளி. எலும்பும் தோலுமான நாய் மேசைமேலிருந்த பன்றித் தலையைக் கவ்வுகிறது. வணிகரான தகப்பனார், மகளின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். தற்கொலை செய்துகொண்டவரின் உடைமை அரசுக்குப் போய்விடும் என்ற சட்டத்தை முந்திக்கொள்கிறார் என்று விளக்கம் சொல்வார்கள். சாவு வீட்டில் உடலிலிருந்து நகையைக் கழற்றும் நேரத்தில் ஆசாரத்தில் விழும் அமைதியை அறிந்தவர்களுக்கு இந்த விளக்கம்கூடத் தேவைப்படாது.

கொட்டைகளை எடுங்கள்

இப்போது முகம். கடைசிப் படத்திலும் முகங்களின்மேல் கொட்டைகளை வைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள், ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன் இந்தக் கைக்கு எப்படிப்பட்ட முகம் பொருந்தும் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு எடுங்கள். எங்கள் வாசலில் தகப்பன் முகத்துக்கு ஐந்து பேர் 'பேராசை' என்றும் இரண்டு பேர் 'அழுகை' என்றும் எழுதியிருந்தார்கள். கொட்டையை எடுத்தபோது இரண்டும் அங்கே இல்லை. ஒரு கணக்கை முடிக்கும் ஆளின் முகம்தான் இருந்தது. எழுதியதற்கும் கண்டதற்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் ஓவியரின் கை தெரியும். இந்தப் பயிற்சியைச் செய்யாதவர்களுக்கு அந்த முகம் சாதாரணமாகத் தோன்றிக் கடந்துபோகும்.

முகத்தையும் பார்த்துவிட்டபின், யார்மேல் குற்றம் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பெரும்பாலோர் முதலில் மனைவியின் பெயரைத்தான் எழுதுவார்கள், கடைசிப் படத்தில் பிணமாகக் கிடப்பவள் அவள் என்பதால். அப்படி எழுதியவர்கள் முதல் படத்துக்குத் திரும்பிப்போய் காகிதம் பிடித்த கைகளை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். நான் இரண்டு தகப்பன்மாரின் பெயரையும் எழுதுவேன். கணவனை விட்டுவிடும் எண்ணமும் எனக்கில்லை.

பழகுவதற்கு மூன்று படங்கள்

எளியது ஹோகார்த்தின் 'ரேக்ஸ் ப்ராக்ரஸ்' தொகுதியின் ஐந்தாம் படம்; எட்டு ஓவியங்களும் லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தகப்பன் சேர்த்த சொத்தை அழித்த டாம் ரேக்வெல், பணத்துக்காக ஒற்றைக்கண் மூதாட்டி ஒருத்தியை மாதாகோவிலில் மணக்கிறான். அவன் கைவிட்ட சாராவும் குழந்தையும் சாராவின் தாயும் பின்புறத்தில் உள்ளே நுழையப் போராடுகிறார்கள். ஏழைகளுக்கான உண்டியலில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. இங்கே பூசல் படத்தின் மூலையில் சிறிதாக இருக்கிறது, நடுவில் கல்யாணம் பெரிதாக நடக்கிறது; அளவின் இந்தத் தலைகீழ் நிலையை மட்டும் எழுதிப் பாருங்கள். கடனாளிச் சிறையைக் காட்டும் ஏழாம் படத்தையும் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஹோகார்த்தின் தகப்பனாரே கடனுக்காக ஃப்ளீட் சிறையில் இருந்தவர்.

அடுத்தது ஜார்ஜ் மார்லண்டின் 'லெட்டீஷியா' தொகுதி. ஆறு படங்கள், 1789-இல் அச்சாகி வந்தன. காதலனோடு ஓடிப்போன மகள் பரிசுகளோடு தகப்பன் வீட்டுக்கு வருகிறாள், அவர் ஏற்க மறுக்கிறார் என்பது ஒரு காட்சி. ஹோகார்த்துக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டு பிந்தியது. நையாண்டி வடிந்து கண்ணீர் ஏறியிருக்கும். எனக்கு இது கொஞ்சம் தித்திப்பு மிகுதி, ஆனால் ஒரே பூசலை இரண்டு காலங்கள் எப்படி வரைந்தன என்று ஒப்பிட உதவும்.

மூன்றாவது ஜோசப் ஹைமோர் 1745-க்கும் 1747-க்கும் இடையில் வரைந்த 'ஹார்லோ குடும்பம்', அமெரிக்காவில் யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'கிளாரிசா' நாவலிலிருந்து எடுத்த காட்சி: மகளுக்குப் பிடிக்காத பணக்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வீடே அவளை நெருக்குகிறது. படத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. பிரதி எடுத்து, தலைக்கு ஒன்றாகக் கொட்டை வைத்து, கைகளிலிருந்து தொடங்குங்கள். வரவேண்டியவர்கள் பட்டியலை எழுதும்போது இந்த முறை தாயின் பெயரையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.